டூட்டாவுக்கு எதுக்கு பேர் மாத்துனாங்க? தப்பான லூர் வாங்கிட்டு வந்துட்டேன், தெரிஞ்சவங்க சொல்லுங்க

சூளகிரி_தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சூளகிரி பக்கம் ரெண்டு ஏக்கர் தக்காளி போட்டிருக்கேன், நட்டு 40 நாள் ஆச்சு. போன பட்டத்துல டூட்டா, அதான் ஊசிப்புழு, காய்ல காம்பு ஓரமா ஊசி குத்துன மாதிரி ஓட்டை போட்டு ராயக்கோட்டை மண்டில பெட்டி பெட்டியா ஒதுக்கிட்டாங்க, அந்த பயத்துல இந்த தடவை முன்கூட்டியே பொறி வச்சிடலாம்னு மருந்துக்கடைல போய் டூட்டா லூர் (பெண் பூச்சி வாசனைய காட்டி ஆண் பூச்சிய பொறிக்கு இழுக்கறது) கேட்டேன். கடைக்காரர் ஒரு பாக்கெட் குடுத்தாரு. அதுல டூட்டான்னே இல்ல, தோரிமேயா ஆபர்குலெல்லான்னு போட்டிருந்துச்சு. கேட்டதுக்கு "டூட்டாவுக்கு இப்ப தோரிமேயான்னு பேர் மாத்திட்டாங்க, ரெண்டும் ஒண்ணு தான் எடுத்துட்டு போங்க"ன்னுட்டாரு. ஏக்கருக்கு 8 வீதம் தண்ணி ட்ராப் வச்சு இன்னையோட 12 நாள். ஒரு பூச்சி கூட விழல. ஆனா இலைல வெள்ளை வெள்ளையா திட்டு வந்துக்கிட்டே இருக்கு, பிரிச்சு பாத்தா உள்ள பச்சை புழு.

போன்ல தேடுனா தோரிமேயா அப்சலூட்டான்னு ஒரு பேர் வருது, டூட்டா அப்சலூட்டான்னும் வருது, ஆபர்குலெல்லான்னா உருளைக்கிழங்கு படம் வருது. எனக்கு தலையும் புரியல வாலும் புரியல. இது ஒரே பூச்சியா வேற வேறயா? பேர் எதுக்கு மாத்துனாங்க?

நுண்விட்டில் எழுதியது:

அண்ணே முதல்ல அந்த லூரை எல்லாம் கழட்டிடுங்க, இன்னைக்கே. உங்க கைல இருக்கறது உருளைக்கிழங்கு அந்துப்பூச்சியோட லூர். தக்காளி ஊசிப்புழு ஆணுக்கு அந்த வாசனை தன் ஜாதி பொண்ணு வாசனையா தெரியாது, 12 நாள் இல்ல 12 மாசம் வச்சாலும் நிறையாது.

கடைக்காரர் சொன்னதுல பாதி சரி. டூட்டா அப்சலூட்டாங்கற பூச்சிக்கு இப்ப தோரிமேயா அப்சலூட்டான்னு பேர், அது நிஜம். ஆனா ஆபர்குலெல்லா வேற பூச்சி. முதல் பேர் பேரினம், அதாவது குடும்பத்துல ஒரு கிளை, ரெண்டாவது பேர் தான் அந்த பூச்சியோட சொந்த பேர். முதல் பேர் ஒண்ணாயிட்டா பங்காளின்னு அர்த்தம், ஒரே ஆளுன்னு அர்த்தம் இல்ல.

வாசனை விஷயத்துல ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்னா, ஊசிப்புழு பெண் பூச்சி விடுற பொருள் 14 கார்பன் நீளமுள்ள அசிடேட்ங்கற வேதிப்பொருள், அதுல முக்கியமானதுக்கு மூணு இரட்டைப் பிணைப்பு, 3, 8, 11 இடத்துல. உருளைக்கிழங்கு பூச்சியோடது 13 கார்பன், இரட்டைப் பிணைப்பு ஆரம்பிக்கறதே 4, 7-ல, அதுல ரெண்டு பிணைப்பு உள்ளது ஒண்ணு, மூணு பிணைப்பு உள்ளது ஒண்ணு கலந்து இருக்கும். ஆண் பூச்சியோட உணர்கொம்புக்கு இது போதும், ஒரு கார்பன் மாறுனாலே அது வேற பூச்சி. அதனால பாக்கெட்ல ரெண்டாவது பேரை பாருங்க, அப்சலூட்டான்னு இருக்கணும். முன்னாடி டூட்டான்னு இருந்தாலும் தோரிமேயான்னு இருந்தாலும் பரவால்ல.

பேர் மாறுன கதை பெருசு, ராத்திரி உக்காந்து எழுதுறேன்.

சூளகிரி_தோட்டம் எழுதியது:

ரொம்ப நன்றி தம்பி. சாயந்திரமே ஓசூர் போய் மாத்திட்டு வரேன். 12 நாள் போச்சேன்னு தான் வயித்தெரிச்சல், அந்த 12 நாள்ல எத்தனை முட்டை வச்சிருக்குமோ. ஆனா எனக்கு அந்த கதை கண்டிப்பா வேணும், ஒரு பேர் மாறுனதால தான இவ்ளோ குழப்பம், யார் மாத்துனா எதை வச்சு மாத்துனாங்கன்னு தெரிஞ்சே ஆகணும்.

ஓய்வு_வேளாண் எழுதியது:

இந்த வருத்தம் எனக்கு முப்பது வருஷமா உண்டு. நான் வேலைக்கு சேர்ந்தப்ப பச்சை காய்ப்புழுன்னா ஹீலியோதிஸ். கிராமம் கிராமமா போய் ஹீலியோதிஸ் ஹீலியோதிஸ்னு சொல்லி பருத்திக்காரர், துவரைக்காரர் எல்லார் வாயிலயும் அந்த பேர் ஏறி உக்காந்த பிறகு அது ஹெலிகோவெர்பான்னு ஆச்சு. புகையிலை வெட்டுப்புழு புரொடீனியாவா இருந்தது ஸ்போடாப்டெரா ஆச்சு. இன்னைக்கும் வயசான விவசாயி கடைல போய் "புரொடீனியாவுக்கு மருந்து குடு"ன்னு தான் கேப்பாரு, புதுசா வந்த பையன் முழிப்பான். இப்ப டூட்டா. 2014-ல மகாராஷ்டிரா, கர்நாடகான்னு நம்ம நாட்டுக்குள்ள வந்து, அப்புறம் தமிழ்நாட்டுக்குள்ள இறங்குனப்ப நோட்டீஸ் அடிச்சு பேனர் கட்டி "டூட்டா வருது டூட்டா வருது"ன்னு எவ்ளோ பாடுபட்டு சொல்லிக் குடுத்தோம். மூணெழுத்து பேரு, வாயில ஒட்டுற பேரு. அதையும் எடுத்துட்டாங்கன்னா களத்துல நிக்கறவன் என்ன பண்ணுவான்? ஆராய்ச்சியாளர்கள் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா சூளகிரி தம்பி மாதிரி ஆளுங்களுக்கு 12 நாள் போறது சின்ன விஷயம் இல்ல.

நுண்விட்டில் எழுதியது:

சார் சொல்றது நியாயமான வருத்தம். நான் சொல்லப்போற கதையே நீங்க சொன்ன ஹீலியோதிஸ் கதையோட அண்ணன் தம்பி தான் (ஹெலிகோவெர்பாவை 1965-ல தனியா பிரிச்சதும் இனப்பெருக்க உறுப்பை அறுத்து பாத்து தான்).

1917-ல இங்கிலாந்துல எட்வர்ட் மெய்ரிக்னு ஒருத்தர் இந்த பூச்சிக்கு முதல்ல பேர் வச்சாரு. பெரு நாட்டுல ஹுவான்கயோங்கற ஊர், ஆண்டிஸ் மலைல 3000 மீட்டருக்கு மேல, அங்க இருந்து போன பூச்சி. மெய்ரிக் மார்ல்பரோ காலேஜ்ங்கற பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தவர். உலகம் பூரா இருந்து அவருக்கு குட்டி குட்டி விட்டில் பூச்சியா அனுப்புவாங்க, ஆயிரக்கணக்குல புது பேர் வச்சிருக்காரு. நம்ம ஊர் தொடர்பும் இருக்கு, முதல்ல கோயம்புத்தூர்லயும் அப்புறம் பீகார் பூசாலயும் இருந்த பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சர் இந்தியால இருந்து அனுப்புன நுண்விட்டில்கள் நிறையவே மெய்ரிக் கைக்கு போயிருக்கு. அவரு மைக்ராஸ்கோப்ப தொடமாட்டாரு. கை லென்ஸ் வச்சு ரெக்கை நரம்பு எப்படி ஓடுது, வாய் பக்கத்து உணர்நீட்சி எப்படி வளையுதுன்னு பாத்து முடிவு பண்ணிடுவாரு. வயித்தை அறுத்து உறுப்பை பாத்து வகைப்படுத்தறது அவருக்கு கடைசி வரைக்கும் பிடிக்கல. அப்படி ரெக்கையை பாத்து அவர் வச்ச பேர் என்ன தெரியுமா? தோரிமேயா அப்சலூட்டா. ஆமா, இப்ப "புது பேர்"னு நாம சொல்றது தான் 1917-ல வச்ச முதல் பேரே. தோரிமேயாங்கற பேரினத்தையும் 1902-ல உருவாக்குனது அவரே, அதுக்கு மாதிரியா எடுத்துக்கிட்டது உருளைக்கிழங்கு பூச்சி ஆபர்குலெல்லா.

அவர் 1938-ல இறந்த பிறகு அவர் சேகரிப்பு லண்டன் மியூசியத்துல இருந்துச்சு. கேட்ஸ் கிளார்க்னு ஒரு அமெரிக்கர் அதுல உக்காந்து மெய்ரிக் பேர் வச்ச மாதிரிகளை ஒவ்வொண்ணா எடுத்து, உறுப்புகளை பிரிச்சு படம் போட்டு 1955-ல ஆரம்பிச்சு 1970 வரைக்கும் 8 தொகுதி வெளியிட்டாரு. அதுக்கப்புறம் தான் உள்ள என்ன இருக்குன்னே வெளிய தெரிய ஆரம்பிச்சுது. உள்ள பாத்ததும் வெளிய ஒரே மாதிரி இருந்ததெல்லாம் பிரிஞ்சுது, ஆளாளுக்கு இடம் மாத்துனாங்க. நம்ம பூச்சி நோரிமோஸ்கீமாங்கற பேரினத்துக்கு போச்சு. செக் நாட்டு போவோல்னி, இந்த கூட்டத்துல அவர் தான் பெரிய கை, 1964-ல ஸ்க்ரோபிபால்புலாவுக்கு மாத்துனாரு, 1987-ல ஸ்க்ரோபிபால்புலாய்டெஸ்னு ஒரு புது பேரினத்தையே உண்டாக்கி அதுல போட்டாரு, 1994-ல அதுல இருந்தும் எடுத்து டூட்டால வச்சாரு. டூட்டாங்கறது 1910-லயே அர்ஜென்டினா பூச்சி ஒண்ணுக்காக வச்ச பேர். 2006-ல இந்த புழு ஸ்பெயின்ல இறங்கி ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியான்னு பரவுனப்ப பேர் டூட்டாவா இருந்துச்சு, அதனால உலகம் பூரா டூட்டாவே நிலைச்சிடுச்சு. சார் அடிச்ச நோட்டீஸ்லயும் அதே.

2021-ல சாங், மெட்ஸ்னு ரெண்டு பேர் வாஷிங்டன் பூச்சியியல் சங்கத்து இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. அதுல இந்த கூட்டத்து பூச்சிகளோட உடலமைப்பு அடையாளங்களை அட்டவணையா போட்டு, யார் யாருக்கு பொது மூதாதைன்னு கணக்கு போட்டு பாத்தா அப்சலூட்டா மறுபடி தோரிமேயாவுக்குள்ள தான் வந்து உக்காருது. நூறு வருஷம் ஊர் சுத்திட்டு பொறந்த வீட்டுக்கே வந்துடுச்சு.

பேருக்கு பின்னாடி அடைப்புக்குறிய கவனிச்சு பாருங்க. பழைய நோட்டீஸ்ல டூட்டா அப்சலூட்டா (மெய்ரிக், 1917) அப்படின்னு மெய்ரிக் பேர் அடைப்புக்குறிக்குள்ள இருக்கும். பேர் வச்சவர் முதல்ல போட்ட பேரினத்துல இருந்து இனத்தை வெளிய எடுத்துட்டா அவர் பேரை அடைப்புக்குறிக்குள்ள போடணுங்கறது விலங்கியல் பெயரிடல் விதி. இப்ப தோரிமேயா அப்சலூட்டா மெய்ரிக், 1917. அடைப்புக்குறி போயிடுச்சு. அந்த ஒரு சின்ன வளைவு இல்லாததே சொல்லிடும், பூச்சி முதல் வீட்டுக்கு திரும்பிடுச்சுன்னு. நான் முதல்ல இதை கவனிச்சப்ப ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன்.

ஏன்_எதுக்கு எழுதியது:

நல்லா எழுதியிருக்கீங்க நுண்விட்டில், ஆனா எனக்கு ஒரு சந்தேகம், கோவிச்சுக்காதீங்க. மெய்ரிக் ரெக்கையை பாத்தாரு, போவோல்னி உறுப்பை பாத்தாரு, இவங்களும் உறுப்பை தான் பாத்தாங்க, அப்ப போவோல்னி பாத்தது தப்பு இவங்க பாத்தது சரின்னு எப்படி? நாளைக்கு இன்னொருத்தர் வந்து வேற மாதிரி பாப்பாரு. அதுவும் போக, டிஎன்ஏ இருக்கற காலத்துல எதுக்கு 10 மில்லிமீட்டர் கூட இல்லாத பூச்சியோட வயித்தை அறுத்துக்கிட்டு இருக்கணும்?

மலர்விழி_பூச்சி எழுதியது:

வணக்கம். நான் இந்த வகை நுண்விட்டில்ல ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கேன், கேள்வியோட ரெண்டாவது பாதிக்கு என்னால சொல்ல முடியும். முதல்ல அறுக்கறதுன்னா என்னன்னு சொல்றேன், ஏன்னா பண்ணி பாத்தா தான் இதுல என்ன இருக்குன்னு புரியும்.

பூச்சி நீளம் 5-லருந்து 7 மில்லிமீட்டர், சாம்பல் நிறம், ரெக்கைல கருப்பு புள்ளி. ட்ராப்ல மாட்டுனா செதில் உதிர்ந்து அந்த புள்ளியும் போயிடும், அப்புறம் வெறும் கண்ணுக்கு அது எந்த விட்டிலாவும் இருக்கலாம். வயித்தை மட்டும் ஊசி முனைல தட்டி கழட்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல போடுவோம், 10 சதவீதம். லேசா சுடவச்சா கொஞ்ச நேரம், இல்லன்னா ராத்திரி முழுக்க ஊறணும். சதை, கொழுப்பு எல்லாம் கரைஞ்சு போகும், கைட்டின்ல, அதாவது பூச்சியோட ஓடு எதுல ஆனதோ அந்த கெட்டி பொருள்ல, ஆனது மட்டும் நிக்கும். காலைல எடுத்து தண்ணில போட்டு மெல்லிசான பிரஷ்ஷால செதிலை தள்ளித் தள்ளி விட்டா, கலங்குன தண்ணிக்குள்ள இருந்து மஞ்சள் கண்ணாடி மாதிரி ஒண்ணு வரும். ஆணா இருந்தா ரெண்டு பக்கமும் விரல் மாதிரி ரெண்டு நீட்சி, வால்வான்னு சொல்லுவோம், பெண்ணை பிடிச்சுக்கறதுக்கு. அப்சலூட்டாவுக்கு அந்த விரலோட உள்பக்கம் நடுவுல ஒரு புடைப்பு இருக்கும், நம்ம கட்டைவிரல் மூட்டு மடக்குனா தெரியுமே அது மாதிரி, நுனில முடி. அதை பாத்துட்டீங்கன்னா முடிஞ்சுது, வேற பூச்சியோட குழப்பவே முடியாது. பெண்ணுல உள்ள இருக்கற பையில ஒரு கொக்கி இருக்கும், சிக்னம்னு பேரு, நோரிமோஸ்கீமினின்னு இந்த பேரினங்கள் எல்லாம் சேந்த பெரிய கூட்டத்துக்கே அந்த கொக்கி ஒரு அடையாளம். அதுக்கப்புறம் சாயம் ஏத்தி, ஆல்கஹால்ல தண்ணிய எடுத்து, ஸ்லைடுல பதிச்சு வைப்போம். ஒழுங்கா பதிச்ச ஸ்லைடு நூறு வருஷம் நிக்கும்.

டிஎன்ஏ கேட்டீங்க. பார்கோடுன்னு நாங்க எடுக்கறது 658 எழுத்து நீளமுள்ள ஒரே ஒரு ஜீன் துண்டு. "இந்த புழு எந்த இனம்"னு கேட்டா அது பிரமாதமா சொல்லும், நானே பண்றேன். ஆனா பேரினம் எதுன்னு கேட்டா, ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி பிரிஞ்ச கிளைகளை அந்த ஒரு துண்டு வச்சு நம்பி சொல்ல முடியாது, அது வேகமா மாறுற ஜீன், ஒரே இடத்துல திரும்ப திரும்ப மாறி பழைய தடத்தை அழிச்சிடும். இன்னொண்ணு, பேர் ஒட்டியிருக்கறது மியூசியத்துல குத்தி வச்ச அந்த முதல் பூச்சி மேல. 1917 பூச்சில டிஎன்ஏ சிதைஞ்சிருக்கும், எடுக்கறது ரொம்ப கஷ்டம், மியூசியம் விடவும் யோசிக்கும். ஆனா கைட்டின் அப்படியே இருக்கு. அதை பாத்து ஒப்பிடாம எந்த டிஎன்ஏவும் "இது தான் மெய்ரிக் சொன்ன பூச்சி"ன்னு சொல்ல முடியாது. ரெண்டும் வேணும், ஒண்ணு இன்னொண்ணுக்கு மாத்து இல்ல.

ஏன்_எதுக்கு எழுதியது:

மலர் மேடம் ரொம்ப நன்றி, அந்த கட்டைவிரல் மூட்டு கண்ணு முன்னாடி நிக்குது. ஆனா பாருங்க, இனப்பெருக்க உறுப்பு இனத்துக்கு இனம் வேற மாதிரி இருக்கும், பூட்டு சாவி மாதிரின்னு நானும் படிச்சிருக்கேன். எல்லாமே வேற வேறயா இருந்தா அதை வச்சு எப்படி யாரும் யாரும் சொந்தம்னு சேக்கறது? வித்தியாசம் காட்டுற உறுப்பு எப்படி ஒற்றுமையை காட்டும்?

நுண்விட்டில் எழுதியது:

இது தான் சார் சரியான கேள்வி, போவோல்னிக்கும் 2021 கட்டுரைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசமே இதுக்குள்ள தான் இருக்கு.

ஓலைச்சுவடி உதாரணம் வச்சு சொல்றேன், எனக்கு இது அப்படித்தான் புரிஞ்சுது. ஒரு நூலுக்கு பத்து ஊர்ல பத்து ஏடு கிடைக்குது. மூல ஏடு இல்ல. எந்த ஏட்டை பாத்து எது எழுதுனதுன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க? பத்துலயும் பாட்டு சரியா இருக்கற இடம் எதையும் சொல்லாது, சரியானது மூலத்துலயே இருந்தது, எல்லாருக்கும் வந்துடுச்சு. ஒரே ஒரு ஏட்டுல மட்டும் இருக்கற பிழையும் எதையும் சொல்லாது, அது அந்த எழுதுனவரோட தனிப்பட்ட கைப்பிழை. ஆனா மூணு ஏட்டுல ஒரே இடத்துல ஒரே வரி விட்டுப்போயிருக்குன்னா? மூணு பேரும் தனித்தனியா அதே வரிய விட்டிருக்க வாய்ப்பு கம்மி. அந்த வரி இல்லாத ஒரு தாய் ஏடு இருந்திருக்கு, மூணும் அதோட பிள்ளைங்க. இப்படி ஒரு வரி இல்ல, முப்பது நாப்பது இடம் எடுத்து எல்லாம் சேந்து எந்த குடும்ப மரத்தை காட்டுதுன்னு பாத்தா, ஒண்ணு ரெண்டு இடம் தற்செயலா ஒத்துப்போனாலும் மொத்தத்துல உண்மை வந்துடும்.

பூச்சிலயும் அதே தான். வால்வா மேல இருக்கற அந்த புடைப்பு, அப்சலூட்டாவுக்கு மட்டும் உள்ள அடையாளம், அது இனத்தை கண்டுபிடிக்க உதவும், சொந்தம் சொல்ல உதவாது, அது ஒரே ஏட்டுல உள்ள கைப்பிழை மாதிரி. கொக்கி சிக்னம் அந்த கூட்டம் முழுக்க இருக்கு, அதுவும் உள்ள யார் யாருக்கு நெருக்கம்னு சொல்லாது. நடுவுல சில அடையாளம் இருக்கும், சிலதுல மட்டும் பகிர்ந்துக்கிட்டது, மூதாதைகிட்ட புதுசா தோணி பிள்ளைங்களுக்கு இறங்குனது. அதை மட்டும் பிடிக்கணும். போவோல்னி ரொம்ப பெரிய நிபுணர், எத்தனையோ ஆயிரம் பூச்சி பாத்தவரு, அவர் கண்ணுக்கு "இது கொஞ்சம் வேற"ன்னு பட்டா தனி பேரினம் குடுத்துடுவாரு. எது புதுசு, எது பழசு, எது தனிப்பட்டதுன்னு பிரிச்சு கணக்கு போட்டு அவர் பண்ணல. அந்த கணக்கை போட்டது தான் 2021 கட்டுரை. அட்டவணை வெளிய இருக்கு, நீங்க ஒத்துக்கலன்னா அதுல எந்த கட்டம் தப்புன்னு காட்டலாம், வேற பூச்சியை சேத்து திரும்ப ஓட்டி பாக்கலாம். "எனக்கு தோணுது"ங்கற முடிவை அப்படி சோதிக்க முடியாது. எனக்கு இந்த கட்டுரை மேல மதிப்பு வந்ததே இதனால தான்.

உங்க இன்னொரு கேள்விக்கு, ஆமா, நாளைக்கு நிறைய ஜீன் வச்சு பாத்து இன்னும் மாறலாம். மாறுனா மாறட்டும்.

ஓய்வு_வேளாண் எழுதியது:

ஏடு உதாரணம் மனசுல பதிஞ்சுது. சுவடி வேலைல ஈடுபாடு உள்ள குடும்பம் எங்களது, எங்க தாத்தா இதையே வேற வார்த்தைல சொல்லுவார். இருந்தாலும் கேக்கறேன், டூட்டா அப்சலூட்டான்னு ஆயிரக்கணக்குல கட்டுரை, குவாரண்டைன் பட்டியல், மருந்து டப்பா லேபிள். எல்லாருக்கும் பழகுன பேர காப்பாத்திக்கலாம்னு ஒரு விதி இருக்குமே, அதை இதுக்கு பயன்படுத்தக்கூடாதா?

நுண்விட்டில் எழுதியது:

சார், விலங்கியல் விதில பழகுன பேரை காப்பாத்தற வழி இருக்கு, ஆனா அது ஒரே பூச்சிக்கு ரெண்டு பேர் போட்டி போடும்போது எந்த பேர் செல்லும்னு தீர்மானிக்க. ஒரு இனம் எந்த பேரினத்துல இருக்கணுங்கறது விதி விஷயம் இல்ல, ஆராய்ச்சி முடிவு, அதை எந்த ஆணையமும் பூட்டி வைக்காது. அப்சலூட்டாங்கற பாதி 1917-ல இருந்து அஞ்சு பேரினம் மாறியும் அசையல பாருங்க, அது தான் விதி குடுக்கற உறுதி.

குவாரண்டைன்காரங்க இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. ஐரோப்பிய தாவர பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொரு பூச்சிக்கும் ஆறெழுத்து குறியீடு குடுக்கும், பேர் மாறுனாலும் குறியீடு மாறாது. இதுக்கு உள்ளது ஜி, என், ஓ, ஆர், ஏ, பி. முதல் நாலெழுத்தை பாருங்க, நோரிமோஸ்கீமா (இங்கிலீஷ்ல அந்த பேர் ஜி-ல தான் ஆரம்பிக்கும்). எப்பவோ அந்த பேரினத்துல இருந்தப்ப குடுத்தது, டூட்டா காலத்துலயும் அதே, இப்பவும் அதே.

களத்துல நீங்க டூட்டான்னே சொல்லுங்க சார், யாரும் தடுக்க மாட்டாங்க, அது இப்ப ஊர்ப்பேர் ஆயிடுச்சு. லேபிள்ல மட்டும் கொஞ்ச வருஷத்துக்கு ரெண்டு பேரும் சேத்து போடணும், முக்கியமா ரெண்டாவது பேரை பெருசா. சூளகிரி அண்ணனுக்கு நடந்தது அந்த ஒரு வரி இல்லாததால தான்.

கேத்தி_கிழங்கு எழுதியது:

இழைய முழுசா படிச்சேன், நான் நீலகிரில உருளைக்கிழங்கு போடறவன். எங்களுக்கு அந்துப்பூச்சி புதுசு இல்ல, 1906-லயே விதைக்கிழங்கோட இத்தாலில இருந்து இந்தியாவுக்கு வந்துதுன்னு சொல்லுவாங்க. இப்ப ரெண்டும் பங்காளின்னு சொல்றீங்களே, தக்காளி புழு எங்க செடிக்கும் வருமா? வந்தா எங்க பழைய புழுவுக்கும் அதுக்கும் எப்படி வித்தியாசம் பாக்கறது, எங்களால எல்லாம் வயித்தை அறுக்க முடியாதே.

மலர்விழி_பூச்சி எழுதியது:

வரும் அண்ணா. ரெண்டுமே தக்காளி, உருளை, கத்தரி குடும்பத்து செடிய தான் தேடும். தக்காளி ஊசிப்புழு உருளைல வந்தா பெரும்பாலும் இலையோட நிக்கும், கிழங்குக்குள்ள குடைஞ்சு கிட்டங்கில நாசம் பண்றது உங்க பழைய ஆள் தான்.

புழுவுக்கு அறுக்கவே வேணாம், பத்து ரூபா லென்ஸ் போதும். நல்லா வளர்ந்த புழுவா எடுங்க. தலைக்கு பின்னாடி முதல் கண்டத்து மேல ஒரு தட்டு இருக்கும், கழுத்துப்பட்டை மாதிரி. உங்க உருளைக்கிழங்கு புழுவுக்கு அந்த தட்டு முழுக்க கரும்பழுப்பா இருக்கும். தக்காளி ஊசிப்புழுவுக்கு தட்டு உடம்பு நிறத்துலயே வெளிறி இருந்து, பின் ஓரத்துல மட்டும் மெல்லிசா ஒரு கருப்பு கோடு. மையால கோடு இழுத்த மாதிரி இருக்கும். குட்டி புழுவுல தெளிவா தெரியாது, அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

சூளகிரி_தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் திரும்ப வணக்கம். அன்னைக்கு சாயந்திரமே வேற கடைல அப்சலூட்டான்னு ரெண்டாவது பேர் பாத்து வாங்கி, பழைய லூரை எல்லாம் கழட்டி, கைய சோப்பு போட்டு கழுவிட்டு (பழைய வாசனை புதுசுல ஒட்டக்கூடாதுன்னு கடைல சொன்னாங்க) இருட்டுறதுக்குள்ள மாட்டிட்டேன். விடிஞ்சு போய் பாத்தா முதல் ட்ராப்லயே 31 பூச்சி, தண்ணி மேல சாம்பல் தூவுன மாதிரி மிதக்குது. 16 ட்ராப்லயும் விழுந்திருக்கு, ஓடை ஓரத்துல இருக்கற நாலுல தான் ஜாஸ்தி, அதனால அந்த பக்கம் திட்டு விழுந்த இலையெல்லாம் இன்னைக்கு ஆள் விட்டு பறிச்சு சாக்குல கட்டி எரிச்சாச்சு.

மலர் அம்மா சொன்ன கோட்டை பாக்கணும்னு என் பொண்ணோட லென்ஸ் எடுத்துட்டு போனேன். இலைய வெயிலுக்கு நேரா பிடிச்சா திட்டுக்குள்ள புழு நிழல் தெரியுது, நகத்தால மேல் தோலை உரிச்சு வெளிய எடுத்தேன். முதல்ல ஒண்ணும் தெரியல, அப்புறம் புழு தலைய நீட்டுச்சு பாருங்க, தலைக்கு பின்னாடி அந்த கருப்பு கோடு. தட்டு வெளிறி தான் இருக்கு. பொண்ணுக்கும் காட்டுனேன். நாலு வருஷமா இந்த புழுவோட சண்டை போடறேன், ஒரு தடவை கூட அதோட கழுத்தை பாத்ததில்ல.

அம்மா, ட்ராப்ல விழுந்த பூச்சி உங்களுக்கு உபயோகப்படுமா? ஆணா தான் இருக்கும் எல்லாமே. எப்படி அனுப்பணும்னு சொல்லுங்க.

மலர்விழி_பூச்சி எழுதியது:

கண்டிப்பா உபயோகப்படும் அண்ணா, கிருஷ்ணகிரி பக்கத்து ஸ்லைடு எங்ககிட்ட ரொம்ப கம்மி. காலைல சீக்கிரமா எடுங்க, தண்ணில ஒரு ராத்திரிக்கு மேல கிடந்தா வயிறு ஊதி வெடிச்சிடும். விரலால எடுக்காம சின்ன பிரஷ்ஷால தூக்கி டிஷ்யூ பேப்பர்ல தண்ணிய ஒத்தி எடுத்துட்டு, மூடி உள்ள குட்டி பாட்டில்ல சுத்தமான ஆல்கஹால் ஊத்தி போட்டுடுங்க. உள்ளயே ஒரு துண்டு பேப்பர்ல பென்சிலால ஊர், தேதி, செடி எழுதி போடணும், பேனான்னா மை கரைஞ்சிடும். திட்டு உள்ள இலை ஒரு பத்து, புழுவோட டப்பால போட்டு மேல துணி கட்டி அனுப்புனீங்கன்னா கூட்டுப்புழுவாகி பூச்சி வர்ற வரைக்கும் நான் இங்க வளத்துக்கறேன், அப்ப பெண்ணும் கிடைக்கும். முகவரி தனிச்செய்தில அனுப்பியிருக்கேன்.